வாத்து எந்தப் பக்கம் பார்க்கிறது

நாத்தனார் வாயால் அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என் அண்ணிக்கு இடது எது, வலது எது என்று தெரியாது. சின்னக் குழந்தையாக இருந்தால் சரி, போகப்போகத் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிடலாம். இவர் நாற்பதைத் தாண்டியவர், பாறைகளைப் பற்றிப் பெரிய படிப்பெல்லாம் படித்தவர். டாக்சியில் ஏறி உட்கார்ந்து, இடது பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு வலது பக்கம் கையை நீட்டுவார். வாயை நம்புவதா கையை நம்புவதா என்று புரியாமல் டிரைவர் நேராகப் போய்விடுவார். பல் டாக்டரிடம் போகக் கிளம்பி நாங்கள் டயர் கடை வாசலில் போய் இறங்கியதுண்டு.

இதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். இடது மணிக்கட்டில் ஒரு பழைய வாட்ச். கண்ணாடி முழுக்கக் கீறல். குளிக்கும்போது தவிர அதைக் கழற்றமாட்டார். யாராவது வழி கேட்டால் முதலில் வாட்சைப் பார்ப்பார். அவசரமாகப் போகிறவரை நிறுத்திவிட்டோமோ என்று கேட்டவர்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் தையல்காரி. வீட்டின் கீழ்த்தளத்தில் என் கடை, மாடியில் அண்ணனும் அண்ணியும். என் வாய்க்கு அண்ணன் வைத்த பெயர் ஊசி. அந்தப் பெயரைக் காப்பாற்றுகிற மாதிரிதான் நான் அண்ணியிடம் பல வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். அவருடைய வேலையைப் பற்றி யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் கல்லுக்குக் கலர் அடிக்கிறார் என்பேன். பார்க்க அப்படித்தான் இருக்கும்.

அவர் வேலை பார்ப்பது ஒரு பாறை ஆய்வுக்கூடத்தில். ஆஸ்பத்திரியில் மண்டையை ஸ்கேன் எடுப்பார்களே, அதே மாதிரி ஒரு இயந்திரத்தில் கல்லை வைத்துச் சுழற்றுவார்கள். கல்லை உடைக்காமலே அதன் உள்ளே இருப்பதெல்லாம் மெல்லிய சீவல் சீவலாகப் படமாகி வரும். அந்தச் சீவல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு மென்பொருள் மறுபடியும் முழுக் கல்லாக்கித் திரையில் நிறுத்தும். அதைக் கையில் பிடித்த மாதிரி உருட்டிப் பார்க்கலாம், வேண்டாத தாதுவை மறைத்துவிட்டு வேண்டியதை மட்டும் மிதக்கவிட்டுப் பார்க்கலாம். முன்பெல்லாம் கல்லைக் காகிதம் போலச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். அதில் ஒரு சங்கடம். சாப்பாட்டுத் தட்டைக் குறுக்கே அறுத்து, அறுத்த விளிம்பை மட்டும் காட்டினால் அது தட்டு என்று யாருக்குத் தெரியும்? வெறும் கோடுதான் தெரியும். கல்லுக்குள் இருக்கும் துகள் தட்டா, குச்சியா, உருண்டையா, எந்தப் பக்கம் சரிந்து படுத்திருக்கிறது என்பதெல்லாம் முழுசாக உருட்டிப் பார்த்தால்தான் புலப்படும்.

திரையில் வரும் கல் வெறும் சாம்பல் நிறம். எந்தச் சாம்பல் எந்தத் தாது என்று மென்பொருளுக்கு அண்ணிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு துகள்களை அது ஒன்று என்று நினைத்துவிடும். பிரிப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் ஒட்டியதையும் பிரிக்கும், நன்றாக இருக்கிற முழுத் துகளையும் துண்டு போடும். மற்றவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அண்ணி உட்கார்ந்து ஒவ்வொரு சீவலாகப் பார்த்து, சந்தேகமான இடத்தில் கையாலேயே கோடு இழுத்துப் பிரிப்பார். நான் துணியில் தையல் பிரிப்பதை அவரும் பார்த்திருக்கிறார், அவர் கல்லில் பிரிப்பதை நானும் பார்த்திருக்கிறேன். பொறுமையில் நான் அவர் கால்தூசிக்குக் கூட வரமாட்டேன். இதை இத்தனை வருஷம் அவரிடம் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கல்லை ஸ்கேன் எடுத்த பிறகும், அதன் மேல்முகத்தில் ஏதாவது ஒரு உருவம் தெரிகிறதா என்று தேடுவார். மேகத்தில் யானை தேடுகிற மாதிரிதான். கிடைத்த உருவத்தைத் திரையிலும் பார்ப்பார், கையில் இருக்கும் கல்லிலும் பார்ப்பார். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால்தான் மேற்கொண்டு வேலையைத் தொடுவார். கூட வேலை செய்கிறவர்கள், இன்றைக்கு என்ன கிடைத்தது என்று சீண்டுவார்கள். செருப்பு என்பார், ஆட்டுத்தலை என்பார், ஒரு முறை எங்கள் அத்தை மூக்கு என்றார். ஒரு புதுப் பெண் ஆசையாகக் கரண்டி ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டாராம். கரண்டிக்கு இடது வலது கிடையாது. அவருக்கு ஒரு பக்கமாகப் பார்க்கிற உருவம்தான் வேண்டும். தனக்கே இடது வலது குழம்பும் என்று தெரிந்தவர் தன் கண்ணை நம்பாமல் கல்லிடமே கேட்டுக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் வேறு யாருக்கும் இந்தப் பழக்கம் இல்லை, ஏனென்றால் மற்ற எல்லோருக்கும் இடது எது என்று நன்றாகத் தெரியும்.

அண்ணனும் அவரும் சந்தித்துக்கொண்டதே இப்படி ஒரு திசைச் சண்டையில்தான். அண்ணன் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். மலையைத் துளைத்து உருளை உருளையாகக் கல் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவான். அப்படி அனுப்பிய கல்லில் மேல் எது, கீழ் எது என்று அம்புக்குறி போட மறந்துவிட்டான். அண்ணி பஸ் பிடித்து மலைக்கே போய், அத்தனை ஆட்கள் முன்னால் அவனைப் பிடித்து உலுக்கிவிட்டார். தலைகால் தெரியாத கல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டாராம். அண்ணன் வீட்டுக்கு வந்து, ஒரு பொம்பளை இன்றைக்கு என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள் என்று சொன்ன விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் அனுப்பிய ஒவ்வொரு கல்லிலும் அம்புக்குறி கொட்டை எழுத்து மாதிரி இருக்கும்.

போன வருஷம் அந்த மலையிலேயே சுரங்கப்பாதை போட ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு உள்ளே வேலை. சுவரில் நீளத் துளை போட்டு, பாறை சரியாமல் இருக்க இரும்புக் கம்பிகளைச் செருகி இறுக்குகிற கூட்டத்தில் அவன் ஒருவன். குறிப்பிட்ட ஒரு பகுதியில் பாறை பார்க்க ஒரே சீரான சாம்பலாக, நல்ல பிள்ளையாக இருந்தது. ஆனாலும் துளைக்கும்போது பலகை பலகையாகப் பெயர்ந்தது. உள்ளே ஏதோ ஒரு சரிவு இருக்கிறது, அது எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சரிவு சுரங்கத்தை நோக்கி இருக்கிற சுவரில் பாறை வழுக்கி விழும். எதிர்ச் சுவரில் அதே சரிவு மலைக்குள் சாய்ந்திருக்கும், அசையாது. புத்தகங்களைச் சாய்த்து அடுக்கியிருந்தால் ஒரு பக்கம் சரியும், மறுபக்கம் சரியாது, அவ்வளவுதான். எந்தச் சுவரில் கம்பிகளை நெருக்கமாக அடிப்பது என்று தெரிந்தாக வேண்டும். அங்கிருந்து எடுத்த உருளைக் கல் அண்ணியின் மேஜைக்கு வந்தது. அம்புக்குறி அண்ணன் போட்டது.

அண்ணி வழக்கம்போல் உட்கார்ந்தார். மற்றத் தாதுக்களை எல்லாம் மறைத்துவிட்டு, தகடு தகடாக மின்னுகிற காக்காய்ப்பொன்னை மட்டும் திரையில் மிதக்கவிட்டபோது, ஆயிரக்கணக்கான தகடுகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. மேல்முகத்தில் ஒரு வாத்தும் கிடைத்தது. வளைந்த கழுத்து, அலகு, வால் எல்லாம் இருந்தது. அதைக் கல்லோடு ஒத்துப்பார்ப்பதற்குள், பாறையின் பலத்தைச் சோதிக்கிற வேறொரு ஆய்வுக்கூடத்துக்குக் கல் போய்விட்டது. அங்கே தலைப்பக்கத்துத் துண்டை மட்டும் அறுத்துத் திருப்பி அனுப்புவார்கள், மீதியை நசுக்கிப் பார்ப்பார்கள். சுரங்கத்தில் வேலை நிற்கிறது, அறிக்கையை அனுப்புங்கள், துண்டு வந்ததும் உங்கள் வாத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அண்ணி சரி என்றார். அனுப்பிவிட்டு, திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டில் ‘வாத்து பாக்கி’ என்று எழுதி ஒட்டினார்.

இடது சுவர்தான் ஆபத்து என்று அறிக்கை சொன்னது. இடது சுவரில் கம்பிகளை நெருக்கி அடித்தார்கள். வலது சுவரில் பேருக்கு அங்கொன்றும் இங்கொன்றும். அண்ணனுக்கு ஒரே பெருமை. அதைக் கண்டுபிடித்தது என் வீட்டுக்காரி என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்லியிருக்கிறான்.

அடுத்து நடந்ததற்கு நான் சாட்சி. ஆய்வுக்கூடத்துக்குக் கோட்டு தைத்துக் கொடுக்கிற ஆர்டர் எனக்கு வந்திருந்தது. போட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஒரு நாள் முற்பகலில் போனேன். அண்ணி கோட்டைப் போட்டுக்கொண்டு கையை விரித்து நிற்க, நான் தோளில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார். அறுத்த கல் துண்டு. அண்ணி குண்டூசிகளோடேயே போய் உட்கார்ந்துவிட்டார்.

அறிக்கை போய் வாரங்கள் ஆகிவிட்டன. எல்லோரும் அதைப் படித்துப் பாராட்டி, அதன்படி வேலையும் நடந்துகொண்டிருந்தது. இனிமேல் ஒத்துப்பார்த்து ஆகப்போவது என்ன? சரியாக இருந்தால் யாருக்கும் தெரியாது, தப்பாக இருந்தால் தலைக்கு வரும். நானாக இருந்தால் அந்த மஞ்சள் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கோட்டை அளவு பார்க்க நின்றிருப்பேன். அண்ணி கல்லை ஈரத் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே சாய்த்து, வாத்தைத் தேடினார். கிடைத்தது. திரையைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடியும் கல்லைப் பார்த்தார்.

என்னிடம் கல்லை நீட்டி, "ஊசி, இந்த வாத்து எந்தப் பக்கம் பார்க்குது?" என்றார்.

இடது என்றேன். திரையில் இருப்பது எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது என்றேன். சொல்லும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. துணியின் உள்பக்கத்தை வெளிப்பக்கம் என்று நினைத்து வெட்டிவிட்டால் சட்டையின் இரண்டு கையும் இடது கையாகவே வந்து நிற்கும். நீளம் சரி, அகலம் சரி, எந்த அளவில் பிடித்தாலும் குற்றம் சொல்ல முடியாது. மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கண்டுபிடிக்கிற நிமிஷத்தில் ஒரு தையல்காரியின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அண்ணியின் முகம் அப்படிப் போயிருந்தது.

அந்தக் கல் வருவதற்குச் சற்று முன் மென்பொருளைப் புதுப்பித்தபோது, சீவல்களை நேராக அடுக்காமல் ஒவ்வொன்றையும் இடவலமாகப் புரட்டி அடுக்கும்படி ஏதோ மாறியிருந்தது. முழுக் கல்லும் கண்ணாடியில் பார்த்த கல் ஆகிவிட்டது. துகள்களின் எண்ணிக்கை சரி, பருமன் சரி, எல்லாம் சரி. சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம். மேலாளர் ஓடி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை, அவரும் கல்லை வாங்கித் திரையோடு ஒத்துப்பார்த்தார். துளைத்தவர்கள் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கலாமே என்று கேட்டார். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அண்ணி தலையாட்டி மறுத்தார். கல்லைத் தலைகீழாகப் பிடித்தால் வாத்து தலைகீழாக நிற்கும், அவ்வளவுதான். எவ்வளவு சுற்றினாலும், நிமிர்ந்து நிற்கும்போது இடது வாத்து வலது வாத்தாக மாறாது. அம்புக்குறி சரி, தப்பு இந்த மேஜையில்தான் என்றார்.

மேலாளர், இன்னொரு முறை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்து, உறுதி செய்துகொண்டு சொல்லலாமே, கொஞ்ச நேரம்தானே என்றார். அண்ணி அதற்குள் போனை எடுத்துவிட்டார். சுரங்கத்தின் பொறியாளரிடம் அவர் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அறிக்கையில இடதுன்னு எழுதியிருந்தேன். தப்பு. அது வலது. எல்லாரையும் இப்பவே வெளிய வரச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் எழுதி அனுப்பறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "இல்லங்க, மென்பொருள் கோளாறு இல்ல. நான் பார்க்காம அனுப்பிட்டேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே இருப்பது என் அண்ணன். முதலில் அவனை வெளியே கூப்பிடச் சொல்ல வேண்டியதுதானே, பேரைக் கூடச் சொல்லவில்லையே, கல்லோடு பழகிப் பழகி உங்கள் நெஞ்சும் கல்லாகிவிட்டதா என்று, அத்தனை பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். அண்ணி குண்டூசி குத்திய கோட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"அவர் மட்டும் வெளிய வந்தாப் போதுமா, ஊசி?" என்றார்.

எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று போன் வரும்வரை அவர் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. போன் வந்ததும் அண்ணி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து சீவல்களைச் சரியாக அடுக்க ஆரம்பித்தார்.

மத்தியானமே வலது சுவரில் துளை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாண் ஆழத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு பலகை மலையிலிருந்து விலகி நின்றிருந்தது. இடைவெளியில் விரல் போகுமாம். விழவில்லை. எப்போது விழுந்திருக்கும், விழாமலே இருந்திருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அதனால் யாரும் அண்ணிக்கு மாலை போடவில்லை. வெயிலில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அண்ணனின் கூட்டாளிகள் முணுமுணுத்தார்களாம். போன மாதம் இடது என்றாள், இப்போது வலது என்கிறாள், உன் வீட்டில் நீ எப்படித்தான் காலம் தள்ளுகிறாய் என்று அண்ணனை ஓட்டியிருக்கிறார்கள். அண்ணன் சிரித்துச் சமாளித்தானாம்.

சாயங்காலம் அவன் மாடிக்கு வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். காலையில் பேசிய பேச்சுக்கு எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல், கோட்டின் பொத்தானைத் தைக்கிற சாக்கில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கைகாலைக் கழுவிவிட்டு நேராக அண்ணியின் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டான். இத்தனை வருஷத்தில் அவன் அதன் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. வாத்தைக் காட்டு என்றான்.

அண்ணி ஆய்வுக்கூடத்திலிருந்து படத்தை வரவழைத்தார். கல்லைச் சுழற்றி மேல்முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாத்து இடது பக்கம் பார்த்தது. பிறகு கல்லின் சாம்பலை எல்லாம் மறைத்தார். காக்காய்ப்பொன் தகடுகள் மட்டும் ஒரு கூட்டமாய்ச் சாய்ந்து நின்றன. இதுதான் வலது சுவர், இந்தப் பக்கமாகத்தான் சரியும் என்று விரலால் காட்டினார். அண்ணன் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தான். அப்புறம் சாதாரணமாகத்தான் சொன்னான்.

"அந்தச் சுவருக்குக் கீழதான் தினமும் சாப்பிட உட்காருவோம்."

அண்ணியின் கை மவுஸில் அப்படியே நின்றது.

"முன்னெல்லாம் வாசல்லதான் சாப்பிடுவோம். நீ எழுதிக் குடுத்தப்புறம் நான்தான் எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். இந்தப் பக்கம் நல்ல பக்கம், என் வீட்டுக்காரி பார்த்துச் சொன்னது, தைரியமா சாஞ்சு உட்காருங்கடான்னு."

போன் பேசியபோது தடுமாறாத அண்ணி, நான் கத்தியபோது கலங்காத அண்ணி, அப்போது அழுதார். சத்தம் இல்லை. முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை. திரையில் அந்தத் தகடுகளைப் பார்த்தபடியே கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் கல்லைத் துளைக்கத் தெரிந்தவன். பக்கத்தில் உட்கார்ந்து மவுஸை வாங்கி, தெரியாத்தனமாக எதையோ அழுத்தி, மறைத்த சாம்பலைத் திரும்ப வரவழைத்து, கல்லைக் கன்னாபின்னாவென்று சுற்றவிட்டான். எப்படிச் சுற்றி வந்து நிமிர்ந்து நின்றாலும் வாத்து இடது பக்கமே பார்த்தது. நான் கோட்டை மடித்து வைத்துவிட்டு, அண்ணியின் தோளில் கை வைத்தேன். அண்ணி, நான் பேசினது தப்பு என்றேன். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை வந்துவிட்டிருந்தது, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மறுநாள் காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். அண்ணன் டிபன் பாக்ஸோடு கீழே இறங்கி வந்தான். வலது சுவரில் கம்பி அடிக்க அன்றைக்கு அவன்தான் முதல் ஆள். பின்னாலேயே அண்ணியும் வந்தார். கண் இன்னும் வீங்கியிருந்தது. அண்ணன் படியில் நின்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினான்.

"இன்னைக்கு எந்தச் சுவர்ல சாஞ்சு சாப்பிடறது?"

கேலி இல்லை. நேற்று அத்தனை நடந்த பிறகும் அவனுக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இல்லை, வேறு ஆளை அவன் தேடவும் இல்லை. அண்ணி மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு வாட்சைக் கழற்றி, அண்ணனின் இடது கையைப் பிடித்து அதில் கட்டினார். வார் எட்டாமல் கடைசித் துளைக்கு இழுத்து மாட்ட வேண்டியிருந்தது.

"உள்ள போகும்போது இந்தக் கைப் பக்கம்," என்றார்.

அண்ணன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்று கிளம்பினான். அன்று ஆய்வுக்கூடத்துக்குப் போக டாக்சி பிடித்தபோது அண்ணி என்னையும் கூட ஏற்றிக்கொண்டார். இடது, வலது எல்லாம் நான்தான் சொன்னேன்.